அவரவர் குவளை

நான் இதுவரை எழுதியவற்றில் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் முழுமனதான பாராட்டு கிடைத்திருக்கிறது. பாராட்டியவர் என் பெரியப்பா. பஞ்சாங்கத்தைத் தவிர வேறெதையும் படித்தறியாதவர். அந்த வாக்கியத்தை நான் எழுதியது ஒரு தகரப் பலகையில். எங்கள் ஊரிலிருந்து தீண்டாமையை ஒழிப்பதற்காக எழுதினேன். தீண்டாமைக்கு இவ்வளவு வசதியாக இதுவரை யாருமே எழுதியதில்லை என்பதால் அவர் பாராட்டினார்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கள்ளக்குறிச்சி நூலகத்தில், லட்சிய நகரங்களைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய புத்தகங்களை அகராதியின் துணையோடு படித்து முடித்திருந்தேன். அந்த நகரங்களில் எல்லோரும் ஒரே நிறத் துணி உடுத்தி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, சாயங்காலம் ஆனால் கணக்குப் பாடம் படிப்பார்கள். சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள் என்று நான் படித்த எதிலும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குறை எனக்குத் தெரியவும் இல்லை. எங்கள் வீட்டில் என் தட்டு தானாகவே சுத்தமாகிக்கொண்டிருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. நானும் ஊர்வலத்தில் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். வேலையில்லாப் பட்டதாரி என்பதால் என் கோஷத்தில் பாதி லட்சியம், பாதி விண்ணப்பம்.

ஊர்வலம் முடிந்தால் டீக்கடை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை பிரிகிற இடத்தில் அது இருந்தது. கடைக்கு வெளியே, கூரை ஓரமாக, ஒரு பலகைமேல் காலனி ஆட்களுக்கான கிளாஸ்கள் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அவர்கள் அதை எடுத்து நீட்ட வேண்டும். கடைக்காரர் எட்டி நின்று ஊற்றுவார். குத்துக்காலிட்டுக் குடித்துவிட்டு, அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். மேலே இருப்பவர்கள் எங்களுக்கு உட்கார இடம் தர மறுக்கிறார்கள் என்று உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தபடி நாங்கள் கொதித்துக்கொண்டிருப்போம்.

இதில் ஏதோ உதைக்கிறது என்று எனக்கும் என் நண்பனுக்கும் ஒரே நாளில் தோன்றியது. நண்பன் தத்துவத்தில் எம்.ஏ. அதனால் அவனுக்கும் வேலை இல்லை. சாலைப் பிரிவுக்கு எதிரே அவன் அப்பாவுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம் இருந்தது. அதில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு நீள பெஞ்சு அடித்து, ஒரே மாதிரி கிளாஸ்கள் வாங்கி, லட்சிய உலகத்தை ஆரம்பித்தோம். இன்னும் பெரிதாக ஆரம்பிக்கத்தான் ஆசை. நிலம் அவ்வளவுதான் இருந்தது.

விதிகள் வகுத்தோம். யாரும் யாரையும் ஜாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லோரும் எல்லோரையும் தோழர் என்று அழைக்க வேண்டும். எந்த கிளாஸ் யாருக்கு என்கிற பேச்சே கிடையாது. இதிலெல்லாம் எங்களுக்குள் சண்டை வரவில்லை. குடித்த கிளாஸை யார் கழுவுவது என்பதில்தான் ஒரு வாரம் விவாதம் நடந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்றேன். ஒருவனின் எச்சிலை இன்னொருவன் கழுவுகிற சமூகம் எப்படி லட்சிய சமூகமாகும் என்று நண்பன் கேட்டான். ஆக, குடித்தவரே கழுவ வேண்டும், பண்ணையாரானாலும் பாட்டாளியானாலும். அதைவிடச் சமமாக ஒரு விதி இருக்க முடியுமா? எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல தமிழில், சிவப்பு எழுத்தில், நானே பலகையில் எழுதினேன்: ‘அவரவர் குவளையை அவரவரே கழுவுவோம்.’

கடை திறந்த அன்று விடிகாலையில் கரும்பு வெட்டும் மேஸ்திரி தன் ஆட்களோடு வந்தார். காலனிக்காரர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். சர்க்கரை மில்லிலிருந்து யாருக்குக் கட்டிங் ஆர்டர் வருகிறதோ அந்த விவசாயி இவருக்குச் சொல்லி அனுப்புவார். இவர் ஆள் கூட்டிக்கொண்டு போய் வெட்டி, வண்டியேற்றிக் கொடுப்பார். பன்னிரண்டு வீடுகள் அந்தக் கட்டிங்கை நம்பி இருந்தன. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன், கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு. “சரிங்க தோழரையா” என்றார். டீயை வாங்கி வாசலுக்குப் போய்க் குடித்தார். மற்றவர்களும் அப்படியே. கழுவினார்கள். கவிழ்த்து வைக்க வெளியே பலகை எங்கே என்று தேடினார்கள். அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று நண்பன் பெருமையோடு சொன்னான். மறுநாள் அவர்கள் வரவில்லை. எதிரே பழைய கடையில் குத்துக்காலிட்டிருந்தார்கள்.

அவர்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த வார்த்தை எங்களுக்கு அப்போது மிகவும் பயன்பட்டது.

ஊர் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். குடித்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். பலகையைக் காட்டினால் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் பெரியப்பா வந்தார். இந்தப் பக்கத்தில் பாதிக் கரும்பு அவருடையது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நண்பன் அடுப்புக்குப் பின்னால் போய்விட்டான். பெரியப்பா பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“யார்ரா எழுதனது? நீயா?”

ஆமாம் என்றேன்.

“நல்லா எழுதியிருக்கடா. நாங்க இவ்ளோ காலமா வாயால சொல்லிகினு இருந்தோம். நீ எழுதியே மாட்டிட்ட. படிச்சவன் படிச்சவன்தான்.”

பிறகு டீ குடித்தார். குடித்து முடித்து, வெளியே நின்ற தன் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, “இத்த கழுவி வை” என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து நண்பன் வெளியே வர நேரமாயிற்று. நாங்கள் இருவரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காலனி ஆட்கள் எத்தனையோ காலமாகத் தங்கள் கிளாஸைத் தாங்களே கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். அவமானமே அதுதான். நாங்கள் அதை எடுத்து, சிவப்பு மை பூசி, எல்லோருக்கும் பொதுவாக்கியிருந்தோம். எல்லோருக்கும் என்று எழுதினாலும் வேறு யாரும் கழுவப்போவதில்லை என்பதால் அது பழையபடி அவர்களுக்கு மட்டுமே ஆகிவிட்டது.

பலகையைக் கழற்றினேன். நண்பன் தடுத்தான். கொள்கையில் தவறில்லை, ஜனங்கள்தான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்றான். அவர்கள் வந்து சேர்கிற வரைக்கும் கிளாஸை யார் கழுவுவது என்று கேட்டேன். “அது மாறுதல் காலத்துப் பிரச்சினைடா” என்றான். சரி, மாறுதல் காலத்தை நான் கழுவுகிறேன் என்று சொல்லி, வாளியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் கழுவிய முதல் கிளாஸ் அன்றைக்குக் கையிலேயே உடைந்தது.

அன்று மாலையே கட்டுப் போட்ட விரலோடு காலனிக்குப் போனேன். மேஸ்திரி வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் கடையில் யாரும் கழுவ வேண்டாம், நான் கழுவுகிறேன், நீங்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று சொன்னேன். மேஸ்திரி கத்தியைத் திருப்பிப் போட்டுத் தீட்டினார். மனைவிதான் சிரித்தார்.

“நல்லதாப் போச்சு. வூட்ல ஒரு தட்டு கழுவ மாட்டாரு இந்த மனுசன். கடையில மட்டும்தான் கழுவுவாரு. இனிமே அதுவும் இல்லையா?”

நானும் சிரித்தேன். என் வீட்டுத் தட்டு ஞாபகம் வந்ததால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

மேஸ்திரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். குடிப்பதில் ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்தால் என் பெரியப்பா கட்டிங் கொடுக்க மாட்டார். அவர் கொடுக்காவிட்டால் மற்றவர்களும் கொடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு வீட்டையும் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். இதற்கு என்னால் எந்த வாக்குறுதியும் தர முடியவில்லை. தந்திருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். அக்கம்பக்கத்து ஊர்களில் போராட்டம் திசைமாறி காலனிக் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு வேறு இருந்தது. நான் திரும்பி நடந்தபோது, நாம் உலகத்தைத் திருத்துவதற்கு இவர்கள் ஏன் தங்கள் கூலியை விலையாகக் கட்ட வேண்டும் என்கிற கேள்வி முதன்முறையாக வந்தது. புத்தகங்களில் அதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வந்தார்கள். பன்னிரண்டு வீட்டையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பெஞ்சின் நுனியில், டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறியவர்களைப் போல, ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். குடித்தார்கள். எழுந்தபோது கைகள் பழக்கத்தில் கிளாஸோடு வாளியை நோக்கிப் போயின. நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க நான் அப்படிப் பிடுங்குவதும் அவர்கள் விடாமல் இழுப்பதும் ஏதோ விளையாட்டுப் போட்டி போல நடந்தது.

பெரியப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிங் ஆர்டர் வந்தபோது மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வேறு ஆட்களைக் கூட்டிவந்தார். மற்ற விவசாயிகளும் அப்படியே. மேஸ்திரியின் ஆட்கள் மலைமேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனார்கள். ஏற்றம் ஜாஸ்தி, கூலி கம்மி. ஆனால் மலையேறுவதற்கு முன், ஒரு நாள் தவறாமல், உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. சீசன் முடியும்வரை வேண்டுமானால் வெளியே நின்று குடியுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். பெரிய மனதோடுதான் சொன்னேன். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

“உள்ள உக்காந்தாச்சு தோழரையா. இனிமே வெளிய நின்னா கால் வலிக்கும்.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லட்சியம் எங்களுடையது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரிய மறியல் வந்தது. ஒரே ராத்திரியில் சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. டவுன் பஸ் நின்றது, லாரி நின்றது, பால் வண்டி நின்றது. முந்தின நாள் வெட்டி ஏற்றிய பெரியப்பாவின் கரும்பு, இரண்டு டிராக்டர் நிறைய, மில்லுக்குப் போகும் வழியில், எங்கள் கடைக்குப் பக்கத்தில், இரண்டு புளியமரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. வெட்டிய மணலூர்பேட்டை ஆட்கள் கூலியை வாங்கிக்கொண்டு முதல்நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். மரத்தை வெட்டியவர்களில் பெரியப்பாவின் இளைய மகனும் ஒருவன். அதனால் அவரால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. போராட்டத்துக்கு அவர் முழு ஆதரவு. தன் கரும்பு மட்டும் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பதுதான் அவர் கருத்து.

பால் வராததால் பழைய கடை மூடிக் கிடந்தது. எங்கள் கடை திறந்திருந்தது. மேஸ்திரியின் மனைவி காலையிலும் மாலையிலும் தூக்குவாளியில் எருமைப் பால் கொண்டுவந்து கொடுத்தார். கோடாரியோடு வந்த இளைஞர்கள், மாட்டிக்கொண்ட டிரைவர்கள், கடுக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி நடுவழியில் நின்றவர்கள், எல்லோரும் அங்கேதான் குடித்தார்கள். பால் எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்காமலிருக்கும் அளவுக்கு எல்லோருக்கும் விவரம் இருந்தது. நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் வெயில் ஏறிய பிறகு பெரியப்பா கடைக்குள் நுழைந்தார். பெஞ்சில் மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும். மலைக்கும் பாதை அடைபட்டதால் அவர்களுக்கும் வேலையில்லை. ஊர்ப் பெரியவர் வந்தால் எழுந்து ஒதுங்குவது அவர்கள் உடம்பிலேயே ஊறிய பழக்கம், யோசித்துச் செய்வதல்ல. மேஸ்திரியின் உடம்பு பெஞ்சை விட்டு ஒரு சாண் மேலே வந்துவிட்டது. பாலை ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, தலையைத் திருப்பாமல், யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

“டீ ஆறுது.”

மேஸ்திரி உட்கார்ந்தார்.

பெரியப்பா நின்றபடியே டீ வாங்கிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கரும்பு காய்ந்துகொண்டிருக்கிறது, எடை இறங்கிவிட்டது. வரப்பு வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வெல்லம் காய்ச்சுகிற கொட்டாயில் சேர்த்துவிட்டால் பாதியாவது தேறும். அதற்கு ஆள் வேண்டும். இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “ஆளு பக்கத்துலயே உக்காந்து இருக்காரு பெரியப்பா. அவர கேளுங்க” என்றேன். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் பேசிய துணிச்சலான பேச்சு அதுதான். சொல்லும்போது வாளியைத் தட்டிவிட்டேன்.

“இன்னா மேஸ்திரி, வரியா?” என்றார் பெரியப்பா, மரத்தைப் பார்த்துக்கொண்டு.

“வரோங்க. இந்த வருஷத்துக் கட்டிங்கு பூரா எங்களுக்குன்னா வரோம்.”

கோடாரிக்கார இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் மகனும் அவர்களில் இருந்தான். பெரியப்பா டிராக்டரைப் பார்த்தார். கரும்பின் காய்ந்த சோகை இலைகள் வெயிலில் சரசரத்தன.

“சரி. ஏந்து வா.”

“டீ குடிச்சிட்டு வரோங்க” என்றார் மேஸ்திரி. கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டார். “நீங்களும் உக்காருங்க.”

பெரியப்பா உட்காரவில்லை. அவ்வளவு லட்சியமெல்லாம் நடக்கவில்லை. ஆனால் நின்றார். நாலு பேரும் ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்து முடிக்கும்வரை, காலியான தன் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் கிளாஸ்களைப் பெஞ்சின்மேல் விட்டுவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கு யாருடைய கையும் வாளிப் பக்கம் போகவில்லை. நான் அந்த நாலையும் எடுத்தேன், பெரியப்பாவின் கையிலிருந்ததையும் வாங்கினேன், எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். “உங்கொம்மா பாத்தா அழுவா” என்று சொல்லிவிட்டுக் கரும்பை நோக்கி நடந்தார்.

கட்டிங் அந்த வருடம் மேஸ்திரிக்கே கிடைத்தது. பெரியப்பா வாக்கு மாறாதவர். அடுத்த வருடத்துக்கு மறுபடி பேச வேண்டியிருந்தது. பேசினார்கள். எதிர்க்கடைக்காரர் கரும்பு வெட்டுகிற ஆட்களின் வியாபாரம் பூராவும் எங்களிடம் போவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வெளிப்பலகையைக் கழற்றினார். ரொம்ப நாளாகவே அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார். கழுவ ஒரு ஆளையும் வைத்தார். அந்த ஆளை யாராவது பெஞ்சில் உட்காரச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. லட்சிய உலகம் அப்படித்தான் தவணையில் வருகிறது.

என் நண்பனுக்கு அந்தப் போராட்டத்தின் பலனாகவே பின்னாளில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. எப்போதாவது வந்தால், அன்றைக்கு நடந்ததற்கும் நம் கொள்கைக்கும் சம்பந்தமில்லை, மரம் விழுந்தது, கரும்பு காய்ந்தது, அவ்வளவுதான் என்பான். வாதத்தில் அவனை நான் என்றைக்குமே ஜெயித்ததில்லை. ஆனாலும் இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மரம் எல்லா ஊரிலும்தான் விழுந்தது. எங்கள் கடை இல்லாதிருந்தால் அன்று மேஸ்திரி, மூடிக் கிடந்த பழைய கடையின் கூரை ஓரத்தில் குத்துக்காலிட்டிருப்பார். பெரியப்பா டிராக்டர் பக்கத்திலிருந்து கைதட்டிக் கூப்பிட்டிருப்பார். மேஸ்திரி வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடியிருப்பார். ஒரு பெஞ்சு முன்கூட்டியே அங்கே கிடக்க வேண்டியிருந்தது. அதைப் புத்திசாலிகள் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். தப்பான கொள்கையோடு, தப்பான பலகையோடு, இரண்டு முட்டாள்கள் போட்டார்கள். அதன்மேல் உட்காருகிற துணிச்சல் உட்கார்ந்தவர்களுடையது. லட்சியத்தால் உலகம் தேறுமா என்று இன்றைக்குக் கேட்டாலும் தேறும் என்பேன், தினமும் கழுவ ஆள் இருந்தால். இன்னும் நாலு கடை வைக்கச் சொன்னாலும் வைப்பேன். பலகை மட்டும் எழுத மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தேன். தலை பூராவும் வெளுத்திருந்தது. மேஸ்திரி நன்றாக இருப்பதாகவும், வீட்டில் இப்போதும் ஒரு தட்டு கழுவுவதில்லை என்றும் சொன்னார். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் நானே ஆரம்பித்தேன். அந்தக் கடை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து நின்றேன் என்பதை மறைக்கவில்லை. அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மறக்குமா தம்பி? எங்க எருமைப் பாலு, அப்பிடி ஒரு பாலு. அதுல எப்பிடித்தான் கழுநித்தண்ணி மாதிரி ஒரு டீ போட்டீங்களோ.”